தலையை இழந்த சொல்

தீபாவளிக்கு முந்தின இரவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில், இடுப்பில் குழந்தையும் கையில் துணிப்பையுமாக நின்றுகொண்டு, ‘ஆம்னியிலே என்ன கேக்குறான்?’ என்று விசாரிக்கும் பிரயாணிக்கு, தாம் உச்சரிப்பது ‘எல்லோருக்கும்’ என்று அர்த்தமாகும் ஒரு லத்தீன் பதத்தின் முற்பாதி என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ‘ஆம்னிபஸ்’ஸில் ‘எல்லாம்’ என்ற பொருள் முழுவதும் முன்பகுதியிலேயே அடங்கிவிடுகிறது. எஞ்சிய ‘பஸ்’ஸோ, நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வைப் போல, தனித்து நிற்க வகையற்ற வெறும் விகுதி. ஆகவே ‘பஸ் வந்துவிட்டது, ஏறு’ என்பது, இலக்கணப்படி பார்த்தால், ‘க்கு வந்துவிட்டது, ஏறு’ என்பதேயாகும்!

பிரான்ஸ் தேசத்து நாந்த் நகரில் 1826-ஆம் ஆண்டு தம்முடைய ஸ்நானசாலைக்கு ஆள் சேர்க்கக் குதிரை வண்டி விட்ட ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், குளிக்க வருவோரைக் காட்டிலும் வழியில் ஏறி இறங்குவோரே மிகுதி என்று கண்டு, வண்டியையே தொழிலாக்கிக்கொள்ள, அவ்வகை வண்டிகளுக்கு ‘ஆம்னிபஸ்’ என்ற பெயர் நிலைத்தது. 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர், மூன்று குதிரைகள் பூட்டிய வண்டியை லண்டனில் ஓட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஆங்கில நாக்கு தலையை நறுக்கிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த வாலோ மினிபஸ், டிராலிபஸ், ஏர்பஸ் என்று புதுப்புதுத் தலைகளைச் சூடி, மறுபடியும் விகுதியாகவே ஜீவிக்கிறது. கைப்பேசிக்கு மின்னேற்றும் ‘யுஎஸ்பி’யின் கடைசி எழுத்தும் இதே பஸ்தான்.

பிறப்பை விசாரித்துச் சொல்லைத் தள்ளிவைப்பது எனக்கு உடன்பாடன்று, வழக்கே பிரமாணம். ஆனால் ஆங்கிலேயர் வீசியெறிந்த தலையை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் நாம். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வாகனம் எதுவும் ‘ஆம்னிபஸ்’ என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரையறுத்திருக்க, நம் ஜனங்களோ தனியார் ஓட்டும் சொகுசு வண்டிக்கு மட்டும் அப்பெயரை ஒதுக்கிவிட்டார்கள். பண்டிகை நாளில் அதன் கட்டணம் ஏறுகிற ஏற்றத்தில், ‘எல்லோருக்கும்’ என்ற பொருள் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்?

தமிழ்நாட்டிலோ 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். லத்தீன் தெரிந்த ஒருவரிடம் பெயர்ப்பலகை எழுதும் வேலையை ஒப்படைத்தால், ‘ஆம்னி’ என்ற எழுத்தை அந்த டவுன் பஸ்ஸின் நெற்றியில்தான் தீட்டுவார்.