இசைப்பதிவுக் கணினியும் புதுப்பித்தலும்

புதுப்பித்தல் வந்தவுடன் ஏற்பதே அறிவுடைமை என்பர் பலர். இசைப்பதிவுக்கென வைத்த கணினிக்கு இவ்விதி முற்றும் பொருந்தாதென்பதே எமது கருத்து. அங்கே பதிவு மென்பொருளும், அதனுள் ஒலிக்கும் மென்பொருள் வாத்தியங்களும், ஆடியோ இண்டர்பேஸ் பெட்டிக்குரிய டிரைவரும் இயங்குதளத்தையே பற்றி நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் மேக் கணினிகளுக்கெனக் காட்டலீனா பதிப்பை வெளியிட்டு, 32 பிட் மென்பொருள்களை அறவே விலக்கினர். அவற்றை நம்பியிருந்தோர் பழைய பாட்டைத் திறந்தபோது, வாத்தியம் இருந்தவிடத்தில் மௌனமே இருந்தது. விலைகொடுத்து வாங்கிய வீணை ஓரிரவில் ஊமையாயின் யார் பொறுப்பர்?

ஆயினும், எதனையும் ஏலேன் என்று பிடிவாதஞ் செய்வதும் தகாது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2017 மார்ச்சில் வழங்கிய காப்புத் திருத்தத்தை இட்டுக்கொள்ளாத கணினிகள் பல, அவ்வாண்டு மே மாதத்தில் வான்னக்ரைக்கு இரையாயின. இசைக் கணினி இணையத்தை நாடாதே என்பீரோ? உரிமம் சரிபார்க்கவும் அது வேண்டுமன்றோ! ஆதலின் காப்புத் திருத்தங்களைத் தாழ்க்காது ஏற்க. பெருமாற்றத்தையோ கையிலுள்ள பாட்டு முடியுமட்டும் நிறுத்துக. பின்னர் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் தனித்தனி வேவ் கோப்பாக்கி, வட்டு முழுவதையும் நகலெடுத்து, மென்பொருள் செய்தோர் தம் இசைவைத் தெரிவித்தபின் மாற்றுக. வாத்தியம் ஊமையானாலும் வேவ் கோப்பு ஒலிக்கும்.