திருத்துறதா, விக்கிறதா?

கரைத்தீவில் எங்களில் நாலு பேருக்கு ஒரு லெப்டொப். ஏ.எல். படிக்கிற காலத்தில் ஒரு மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுட்டுப் போனது. கொரோனா நேரம் ஸூம் வகுப்பு, பிறகு கம்பஸ் விண்ணப்பம், இப்ப அசைன்மென்ட் எல்லாம் அதிலதான். போன மாதம் அது ஒன் ஆகவே இல்லை.

புத்தளம் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். பத்து நிமிஷம்கூட ஆகல்ல. "மதர்போர்ட் போயிட்டு. திருத்திறதெண்டா 45,000 வரும். பேசாம தந்திட்டுப் போங்க, 12,000 தாறன்" என்றார்கள். விண்டோஸ் 10 முடிஞ்சதால இனி இது "வெறும் தகரம்" என்றும் சொன்னார்கள். வரும் வழியில் பஸ்ஸில் எங்களுக்குள்ளயே சண்டை. ரெண்டு பேர் விக்கலாம் என்றோம், ரெண்டு பேர் வேண்டாம் என்றோம்.

இந்தச் சண்டை எங்க நாலு பேருக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம். எங்களைப் போன்ற ஊர்களில் பழைய சாமானை விக்கச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் பிழையான கணக்கு என்பது எங்கள் கருத்து.

முதலில் காசு. வேறொரு நானாவிடம் காட்டினோம். அவர் எங்களுக்கு முன்னாலேயே கழற்றினார். மதர்போர்டில் ஒன்றுமில்லை. சார்ஜர் குத்துற இடம் பச்சை பிடிச்சு உக்கிப்போயிருந்தது. "உப்புக் காத்து பிள்ளையள், ஜன்னலுக்குக் கிட்ட வச்சுப் படிக்கிறீங்க போல" என்று சிரித்தார். அந்தப் போர்ட்டும் கூலியும் 4,000, பெட்டரி 11,000, பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. 9,000, உடைந்த பிணைச்சல் 2,000. மொத்தம் 26,000.

"12,000 பெறுமதியான சாமானுக்கு 26,000 செலவழிக்கிறதா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வித்தா எங்களுக்கு லெப்டொப் இல்லாமப் போகுமே. அதே தரத்தில் பாவிச்ச ஒன்று வாங்க 65,000 கேட்கிறார்கள். கையில் வாற 12,000ஐக் கழிச்சாலும் 53,000 எங்கட சட்டைப்பையிலிருந்து போகும். அதனால் 26,000ஐ ஒப்பிட வேண்டியது இந்த 53,000ஓடு. மஹபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆனது. அந்தக் காசில் பார்த்தால் ஒன்று மூன்றரை மாதம், மற்றது ஏழு மாதம்.

திருத்தும் செலவு சாமானின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்று ஒரு பொது விதி சொல்வார்கள். அது புதுச் சாமான் மலிவாகவும் கூலி அதிகமாகவும் இருக்கிற நாடுகளுக்குப் பொருந்தலாம். இங்கே நிலைமை தலைகீழ். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை அண்டியிருந்த டொலர், அந்த வருஷம் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு மெஷினுக்கும் அந்த விலைதான். திருத்திற நானாவின் கூலி அப்படி ஏறவில்லை.

இரண்டாவது, விண்டோஸ் கதை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழமையான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்தியது உண்மை. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்பதும் உண்மை. எங்களுடையது ஆறாம் தலைமுறை. அதற்காக இரும்பு உக்கிப்போகவில்லையே. லினக்ஸ் மின்ட் போட்டோம், காசு இல்லை. கலைப்பீடத்துப் பிள்ளைக்கு என்ன வேணும்? தமிழில் யுனிகோட் டைப் பண்ணணும், பி.டி.எஃப். வாசிக்கணும், ஸூம் திறக்கணும். மூன்றும் நடக்குது. புவியியல் படிக்கிற எங்கட ஆளுக்கு கியூ.ஜி.ஐ.எஸ். அதிலேயே ஓடுது. வேர்டில் அனுப்பச் சொல்லும் விரிவுரையாளருக்கு லிப்ரே ஒஃபிஸில் செய்து அனுப்பும்போது சிலவேளை பக்க அமைப்பு குழம்பும். அதை மறைக்க விரும்பவில்லை. பி.டி.எஃப்.ஆக்கி அனுப்பினா பிரச்சினை குறைவு.

மூன்றாவது, வீட்டில் யாரும் பேசாத விஷயம். அந்த ஹாட் டிஸ்க்கில் எங்கட ராத்தாவின் கல்யாணப் போட்டோக்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வட்ஸ்அப் பெக்கப் எல்லாம் கிடந்தது. லெப்டொப் ஒன் ஆகாது என்பதால் டிஸ்க்கும் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கழற்றி வேறொரு மெஷினில் கொழுவினா எல்லாம் தெரியும். டிலீட் பண்ணினதும், அவசரமா ஃபோமட் அடிச்சதும்கூட பல நேரம் மீட்டெடுக்கக் கூடியவை. ஒரு பிள்ளையின் போட்டோ வெளியே போனால் இந்த ஊரில் அந்தப் பிள்ளையின் படிப்புத்தான் முதலில் நிற்கும். அதனால் விக்கிறதா முடிவெடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வச்சிட்டு மிச்சத்தை மட்டும் குடுங்க. ஆயிரம் ரெண்டாயிரம் குறைஞ்சாலும் பரவாயில்லை.

நாலாவது, தூக்கிப் போடுகிற சாமான் எங்க போகுது என்ற கேள்வி. இதை கரைத்தீவு ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, கொழும்பின் குப்பைக்கு அரசு கண்ட இடம் எங்களுக்குப் பக்கத்திலுள்ள அருவக்காலு. புத்தளத்தில் 'கிளீன் புத்தளம்' என்று மாதக்கணக்கில் சனம் ரோட்டில் இருந்தது. அப்படியிருந்தும் 2019 ஓகஸ்ட்டில் லொறிகள் வந்தன. வீசியெறிகிறவருக்கு அது 'போயிட்டு'. எங்களுக்கு அது 'வந்திட்டு'. ஐ.நா. ஆதரவுடன் வெளியான 2024 அறிக்கையின்படி 2022இல் உலகம் 6.2 கோடி தொன் மின்கழிவை உருவாக்கியது. முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம்தான். அடுத்தவன் குப்பைக்கு எதிராகக் கோஷம் போட்ட நாங்கள், எங்கட குப்பையை எங்க அனுப்புறோம் என்றும் கேட்க வேணும்தானே.

எல்லாத்தையும் திருத்தியே ஆகணும் என்று சொல்ல வரவில்லை. உண்மையாகவே மதர்போர்ட் போயிருந்தா, கடல் தண்ணி உள்ளே இறங்கியிருந்தா விட்டுவிடுவதுதான் புத்தி. அப்பவும் உதிரிப்பாகத்துக்கு எடுக்கிற ஆளிடம் குடுக்கலாம், திரையும் ரெமும் இன்னொரு மெஷினை ஓடவைக்கும். பெட்டரி வீங்கியிருந்தா ஒரு நாளும் வச்சிருக்க வேண்டாம். குத்தவோ அமுக்கவோ கூடாது, அது தீப்பிடிக்கும்.

ஆனால் அந்த முடிவை எடுக்க முன்னம் கடைக்காரர் எங்களுக்கு முன்னால் கழற்றிக் காட்ட வேண்டும், எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து கடையில் விக்கிற லெப்டொப்பிலேயே அது எவ்வளவு லேசாகத் திருத்தக்கூடியது என்று பத்துக்குப் புள்ளி போட்டிருக்க வேணும். இங்கே அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க ஏலாது. ரெண்டு கடையில் கேட்பது எங்கட கையில் இருக்கு. அந்த ரெண்டாவது கடைக்குப் போகாமல் விட்டிருந்தா, 26,000இல் முடிஞ்ச வேலை ஒரு பொய்க்காக 12,000க்குப் போயிருக்கும்.

2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் பொஸ்ட்மா என்ற பெண் 'ரிப்பெயர் கஃபே' என்று தொடங்கினார். தெரிந்தவர்கள் ஒரு இடத்தில் இருந்து, கொண்டுவருகிறவர்களோடு சேர்ந்து திருத்துவது, அவ்வளவுதான். எங்கட ஊரில் படகு மெஷினும் வலையும் எப்பவும் அப்படித்தானே திருத்துப்படுது? வலை கிழிஞ்சா யாரும் விக்கப் போறதில்லை. விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஒரு ஸ்க்ரூட்ரைவர் செட், அந்த நானாவைக் கூப்பிட்டு ஒரு பகல் சாப்பாடு. இந்த முறை லீவுக்கு ஊருக்கு வாற மற்றப் பிள்ளைகளும் வீட்டில் மூலையில் கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வாங்க. எங்கட லெப்டொப்பில்தான் இதை டைப் பண்ணினோம். பிணைச்சல் இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான்.