முதுகைக் காப்பது சொடக்கு அல்ல

மதுரையில் தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் காளவாசலில் குறுக்குவலி அறியாத தொழிலாளியைக் காண்பது அரிது. குண்டும் குழியுமான ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், காலை முதல் இரவுவரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண், சிமென்ட் மூட்டை இறக்குபவர், கம்ப்யூட்டர் முன் கழுத்தை வளைத்தே உட்கார்ந்திருக்கும் இளைஞர் என்று எல்லோருக்கும் ஏதோ ஒரு பிடிப்பு. முன்பெல்லாம் சுளுக்கு வழிப்பவரிடம் போவார்கள்; காலால் பிறந்தவரைத் தேடிப்பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்வார்கள். இன்று செல்போனில் கைரோபிராக்டிக் என்ற முதுகெலும்புச் சிகிச்சையின் வீடியோ பார்க்கிறார்கள். குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் இரு உள்ளங்கைகளையும் வைத்து ஒரே அழுத்து. ‘மடக்’கென்று சத்தம். எழுந்தவர் முகத்தில் நிம்மதி.

அந்த நிம்மதி பொய்யல்ல. ஆனால், அதை வைத்து விற்கப்படும் வாக்குறுதி மிகப் பெரிது. வலியே இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை வந்து முதுகெலும்பைச் ‘சரிசெய்து’ கொண்டால் நோய் அண்டாது என்கிறார்கள் இதைத் தொழிலாகச் செய்யும் சிலர். உடலுழைப்பால் பிழைக்கும் மக்கள் நிறைந்த மதுரைக்கு முதுகைக் காக்கும் வழி அவசரமாகத் தேவை. அந்த வழி இதுவல்ல.

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டாவன்போர்ட் நகரில் பிறந்தது. டி.டி. பால்மர் என்பவர், காது மந்தமாகிப்போன ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அழுத்தியதும் அவருக்குக் கேட்கத் தொடங்கியது என்றார். முள்ளெலும்பு இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்று ஒரு கொள்கையையும் வகுத்தார். அந்தக் கொள்கைக்கு மருத்துவ அறிவியலில் ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா போன்றவற்றையும் கைரோபிராக்டிக் தீர்க்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் 2008-ல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010-ல் தானே அதைக் கைவிட்டது.

வீடியோவில் கேட்கும் சத்தத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டை இழுக்கும்போது அதிலுள்ள திரவத்தில் வாயுக்குழி உண்டாவதால் எழும் சத்தம். விரலில் சொடக்கு எடுக்கும்போது நடப்பதும் இதுவே என்பதை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே படம்பிடித்துக் காட்டினார்கள்.

இதனால் கைரோபிராக்டிக் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. நம்மூர் மருந்துக் கடைகளில் தாராளமாக விற்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். சுவீடனில் 328 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. வலி திரும்பத் திரும்ப வந்து, கைரோபிராக்டிக்கால் ஏற்கெனவே பலன் கண்டவர்கள் அவர்கள். முன்கூட்டியே திட்டமிட்டுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, வலி வந்தபோது மட்டும் சென்றவர்களைவிட ஓராண்டில் சுமார் 13 நாட்கள் தொந்தரவு குறைந்திருந்தது. அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கலாம். ஆனால், வலியே இல்லாதவருக்கு மாதாந்திரப் ‘பேக்கேஜ்’ விற்க இந்த ஆய்வு உதவாது.

வலுவான ஆதாரம் இருப்பது உடற்பயிற்சிக்கு. 21 ஆய்வுகளில் கலந்துகொண்ட 30,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்த கட்டுரை 2016-ல் வந்தது. உடற்பயிற்சியும் அதோடு சேர்ந்த விளக்கமும் முதுகுவலி வரும் வாய்ப்பை ஏறத்தாழ 45 சதவீதம் குறைக்கின்றன என்பது அதன் முடிவு. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலுடன் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்குள் சராசரியாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்கள்தான். செலவு அதிகமில்லாத மருந்து இது. ஆனால், பைபாஸ் ரோட்டில் நடைபாதை நடப்பவர்களுக்கு விடப்பட்டால்தானே அந்த மருந்தைச் சாப்பிட முடியும்?

தவறான கை பட்டால் என்ன ஆகும் என்பதையும் பேசியாக வேண்டும். முடி வெட்டி முடித்ததும் ஒரு கையைத் தாடையிலும் இன்னொரு கையைப் பின்தலையிலும் வைத்து, சட்டென்று கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பது பல சலூன்களில் பழகிப்போன ஒன்று. கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2024-ல் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்ந்திருக்கும் பெண்கள், முதுகெலும்பில் காசநோய் இருப்பது தெரியாதவர்கள் ஆகியோரின் முதுகை வேகமாக அழுத்தினால் எலும்பே நொறுங்கிவிடக்கூடும்.

கைரோபிராக்டர் ஒருவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே வரையறுத்தது. இந்தியாவிலோ அந்தத் தொழிலுக்கென்று சட்டபூர்வமான கவுன்சில் இல்லை. துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபியைத் தனிப் பிரிவாகவே அங்கீகரிக்கிறது. கைரோபிராக்டிக்குக்கு அப்படித் தனிப் பிரிவு இல்லை. சில நாள் பயிற்சி முடித்தவர்கூடப் பலகை மாட்டிவிட முடிகிற இந்த நிலையை அரசு இனியும் நீடிக்கவிடக் கூடாது. முதுகெலும்பில் கைவைக்கும் தொழில் எதுவானாலும் படிப்பும் பதிவும் கட்டாயமாக வேண்டும்.

தமிழ்நாட்டிடம் இதற்கு அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. படுத்த படுக்கையானவர்களுக்குக் கிடைக்கும் அந்த உதவி, படுத்துவிடாமல் காக்க வேண்டிய உழைப்பாளிகளுக்கும் கிடைக்க வேண்டும். மாநகராட்சி சுகாதார நிலையங்களில் வாரத்தில் சில மாலைகள் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் ஆட்டோ ஓட்டுநரும் சுமைத் தொழிலாளியும் வேலை முடிந்ததும் வந்து பயிற்சி கற்றுக்கொள்வார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021-ல் சட்டம் இயற்றியது. அது ஒழுங்காக அமலானாலே எத்தனையோ இடுப்புகள் தப்பிக்கும். தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை கடையாகச் சென்று நாற்காலிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சலூனில் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். நேராக ராஜாஜி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்ற வலிகளுக்குச் சிகிச்சை தேடும்போது, முதுகில் கைவைக்க வருபவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அங்கே படுக்காதீர்கள்.