எட்டுப் போடுவதற்கு முன்

1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் சூடு பிடித்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரி வேலைக்கும் மிதித்துக்கொண்டே போனார்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கேட்க ஆளில்லை!

அவர்களுடைய பேத்திகளுக்கு ஸ்கூட்டி. எல்.எல்.ஆர். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி விடைகளை மட்டும் உருப்போடுவது வீண் வேலை. சாலைக் குறிப் பலகைகளில் சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் பெரும்பாலும் தடை, முக்கோணம் எச்சரிக்கை, நீல வட்டம் கட்டாயம். இது பிடிபட்டால் பாதிப் பலகைகள் தாமே பேசும்.

கையில் எல்.எல்.ஆர். வந்ததும் பின்சீட்டில் தோழியை ஏற்றுவது சட்டப்படி தப்பு. எட்டுப் போடும் ஓட்டுநர் தேர்வுக்கு 30 நாள் பொறுக்க வேண்டும். 50 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டிக்கு 18 வயது நிரம்பவேண்டும். பிளஸ் ஒன் பிள்ளையிடம் சாவியை நீட்டும் அப்பாக்கள் கவனிக்கட்டும்.