பழைய படமும் பார்க்கும் கண்ணும்

அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்தின் அடுத்த காம்பராவில் வாழும் மூதாட்டி ஒருவர், சென்ற மாதம் "பாசமலர்" பார்ப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். 1961இல் வெளிவந்த அப்படத்தை இளமையில் பார்த்தவர் அவர். நான் இறுவட்டைச் சுழலவிட்டுப் பத்து நிமிடம் சென்றிருக்கும். "ஏன் தம்பி, சாவித்திரிக்கு முகமெல்லாம் இப்படி வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏறத்தாழச் சதுரமாய் எடுக்கப்பட்ட படத்தை, அகன்ற தொலைக்காட்சிப் பெட்டி தன் அளவுக்கு இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அமைப்பை மாற்றினேன். "இப்பத்தான் அந்தப் புள்ள மாதிரி இருக்கு" என்று நிம்மதியாய் அமர்ந்தார்.

"கதை விளங்கினால் போதாதா? படத்தின் தரம் பார்ப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு அன்றோ?" என்று நண்பர் சிலர் கேட்பதுண்டு. கொழுந்து பறித்து வாழ்ந்த அந்த மூதாட்டியின் கேள்வியே அவர்களுக்குத் தக்க விடை. தரம் பார்ப்பது ஆடம்பரமன்று. கலைஞன் காட்டியதை அவன் காட்டியபடியே காண விழையும் நேர்மை.

ஆகவே, இறுவட்டுகள் சேர்க்கும் அன்பர்கள் நான்கு செய்திகளைக் கவனித்தல் நன்று. முதலாவது, மேற்சொன்ன வடிவம். இரண்டாவது, ஓரங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான "ராஜராஜ சோழன்" (1973) அகன்ற திரைக்கென எடுக்கப்பட்டது. அத்தகைய படங்களை இருபுறமும் வெட்டிவிட்டால், பேசுபவர் இருப்பார், கேட்பவர் இருக்கமாட்டார். மூன்றாவது, நுணுக்கம். வீசீடியில் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள். புளூ-ரேயில் 1920, 1080. ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாடு! ஆயினும், தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்தால் புளூ-ரேயும் தேய்வையே துலக்கமாய்க் காட்டும். நான்காவது, ஒளியும் நிறமும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழலுக்குள்ளும் கண்கள் தெரிதல் வேண்டும். பழைய ஈஸ்ட்மன்கலர் பிரதிகளிலோ நீலப்பச்சைச் சாயம் வெளிறி, வானமும் வயலும் செந்நிறமாய்க் காட்சி தரும்.

பழுது நீக்குதல் நற்பணியே. "கர்ணன்" (1964) புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது, இளைஞரும் திரண்டு சென்று பார்த்தனர். ஆனால், கீறலைத் துடைப்பதாக எண்ணி முகத்தின் வரிகளையும் துடைத்துவிட்டால், நடிகர் மெழுகுப் பொம்மையாகிவிடுவார். படச்சுருளின் மெல்லிய மணித்துகள் அழுக்கன்று. அது படத்தின் மேனி.

இவ்வளவும் பல பிரதிகள் உள்ள படங்களுக்குப் பொருந்தும். நம்முடைய படங்களின் நிலை என்ன? தோட்டத்து மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த "தோட்டக்காரி" 1963இல் வெளியாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் "புதிய காற்று" (1975), "நான் உங்கள் தோழன்" (1978) ஆகியவற்றைத் தந்தார். 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது, அங்கிருந்த படச்சுருள்களும் வெந்து மடிந்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் "நிதானய" (1972) புதுப்பிக்கப்பட்டு 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, இந்நாட்டார் அனைவர்க்கும் பெருமை. அத்தகைய பரிவு இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கும் கிட்டவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

எனவே, சேகரிப்போர் தம் விதியைச் சற்றே திருத்திக்கொள்ளல் வேண்டும். பல பிரதிகள் உள்ள படத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுங்கள். மட்டமானதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஆனால், அரிய படமொன்றின் பிரதி எவ்வளவு மங்கியிருந்தாலும் அதனை எறியாதீர்கள். மங்கிய முகத்தை நாளை துலக்கலாம். இல்லாத முகத்தைத் துலக்க எவராலும் இயலாது. ஓயாத மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த இம்மலைகளில் வீடியோ நாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் பதிந்த இறுவட்டும் நெடுநாள் நில்லாது. பெட்டியடியில் அப்படியொன்று கிடக்குமாயின், இன்றே இரண்டாம் பிரதி எடுத்து வையுங்கள்.

படம் முடிந்து எழுந்த மூதாட்டி, வாசலில் நின்று, "நம்ம தோட்டத்து ஆளுங்கள வச்சு ஒரு படம் வந்துச்சே, அது இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் இருக்கவில்லை. உங்களில் யாரிடமேனும் இருக்கக்கூடும் என்னும் நம்பிக்கையாலேயே இதனை எழுதினேன்.