சமாதானப் பரிசும் துரோகிப் பட்டமும்

உலக சமாதானத்துக்கு உழைத்தவர்கள் என்று சிலருக்கும், சில ஸ்தாபனங்களுக்கும் 1901-ம் வருஷம் முதல் நோபல் சமாதானப் பரிசு கொடுக்கப்பட்டு வருகிறது. பரிசு பெற்றவர்களுடைய படத்தைச் சுவரில் மாட்டி மாலை போடுவதோடு ஜனங்கள் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆனால், அவர்களில் ஒருவர் அந்த மரியாதை கிடைத்தபோது எந்த நிலையில் இருந்தார் என்பதை வாசகர்கள் அறிய வேண்டுமென்று ஆசைப்படுகிறோம்.

அவர் பெயர் கார்ல் வான் ஒஸியட்ஸ்கி. அவர் அரசருமல்ல; மந்திரியுமல்ல; மடாதிபதியுமல்ல. பெர்லினில் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். முதல் மகாயுத்தத்தில் சிப்பாயாய் இருந்து அதன் கொடுமையைக் கண்ணால் கண்டவர். அந்த யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, இனி ஆகாயப் படை வைத்துக் கொள்வதில்லை என்று வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தும், ரகசியமாய் அப்படையைத் தயாரித்து வந்தது. இந்த மோசத்தை 1929-ல் அவர் பத்திரிகை வெளியிட்டது. உடனே வழக்கு வந்தது. பொய் எழுதினார் என்றா? இல்லை, ரகசியத்தை வெளியிட்டார் என்று! 1931-ல் 18 மாத தண்டனை விதித்தார்கள்.

1932 கடைசியில் பொது மன்னிப்பில் வெளியே வந்தார். அடுத்த மாதமே ஹிட்லர் பதவிக்கு வந்தான். நாட்டைவிட்டுப் போய்விடும்படி நண்பர்கள் சொல்லியும் அவர் போகவில்லை. 1933 பிப்ரவரி 28-ந் தேதி மறுபடியும் கைதானார். சிறை முகாமில் அடியும் உதையும் காசநோயுமே கண்ட பலன். இப்படிப்பட்ட கைதிக்குத்தான் 1936 நவம்பரில், 1935-ம் வருஷத்திய பரிசு அளிக்கப்பட்டது. அதை வேண்டாமென்று சொல்லும்படி கோரிங் நிர்ப்பந்தித்தும் அவர் இணங்கவில்லை. ஆஸ்லோவுக்குப் போகவோ அவருக்கு அனுமதியில்லை. ஜெர்மானியர் யாரும் இனி நோபல் பரிசு வாங்கக் கூடாதென்று 1937-ல் ஹிட்லர் உத்திரவு போட்டான். 1938 மே 4-ந் தேதி, போலீஸ் காவலிலேயே, 48-வது வயதில் ஒஸியட்ஸ்கி இறந்தார்.

"அப்படியானால் பரிசினால் என்ன பிரயோஜனம்? அவர் உயிரைக் காத்ததா? 1939-ல் வந்த யுத்தத்தைத் தடுத்ததா?" என்று சிலர் கேட்கலாம். இரண்டையும் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால், துரோகி என்று ஒரு சர்க்கார் அடைத்து வைத்த மனிதனை, சமாதானத் தொண்டன் என்று உலகம் கேட்கச் சொல்லிற்று. தேசத்துக்குத் துரோகம் செய்தது யார்? மறைவில் தயாரித்த ஆயுதத்தைப் பற்றி எச்சரித்தவரா? அல்லது அதைத் தயாரித்துக் கடைசியில் தங்கள் பட்டணங்களையே சாம்பலாக்கிக் கொண்டவர்களா? இதற்குப் பிறகும் 1992-ல் ஜெர்மன் உயர் நீதிமன்றம் அந்தப் பழைய வழக்கைத் திரும்ப விசாரிக்க மறுத்து விட்டதென்றால், துரோகிப் பட்டம் எவ்வளவு கெட்டியாக ஒட்டிக் கொள்ளுகிறது பாருங்கள்!

ஆகவே தோழர்களே! செத்தவர் படத்துக்கு மாலை போடுவது சுலபம். யுத்த ஏற்பாட்டைப் பற்றி உண்மை சொல்லும் ஒருவனை உயிரோடிருக்கும்போதே துரோகி என்று கூட்டம் கூச்சலிடும் சமயத்தில், "அவன் சொன்னது மெய்யா, பொய்யா?" என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவதே அவருக்குச் செய்யும் யோக்கியமான மரியாதையாகும்.