பாட்டில் கடவுள் இருக்கட்டும், தரகர் எதற்கு?

"பாட்டைக் கேள், பரமனைப் பற்றிப் பேசாதே!" என்று புத்தி புகட்டும் கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாட்டுப்பாடலும் ராக் இசையும் மணந்து பெற்ற பிள்ளையாகிய அந்த இசையைக் கேட்போரிடையே, அரை நூற்றாண்டு கடந்தும் ஓயாத வழக்கொன்று நடக்கிறது. இந்தப் பாடகன் ஆத்திகனா, நாத்திகனா? இந்தப் பாட்டு வழிபாடா, வசையா? ஒருவர் அடித்துப் பேசுவார். மற்றொருவர் மறுத்துப் பேசுவார். நடுவிலே வந்து நிற்பார் ஒரு நல்லபிள்ளை. "இசைக்கு மதமேது ஐயா? குழலைக் கேளுங்கள், கிட்டாரைக் கேளுங்கள், சொல்லை விட்டுத்தள்ளுங்கள்!" என்பார்.

வாசக நண்பரே, மூவரிலும் மோசமானவர் அந்த நல்லபிள்ளைதான். வழக்காடுகிற இருவரும், பாடியவன் ஏதோ ஒன்றைச் சொன்னான் என்றாவது நம்புகிறார்கள். நல்லபிள்ளையோ பாட்டைத் தாம்பூலமாக்கி விட்டார். மெல்ல வேண்டியது, துப்ப வேண்டியது, அவ்வளவுதான்.

வழக்கின் மூலத்துக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டு 'ஜெத்ரோ டல்' என்ற ஆங்கிலக் குழு 'அக்வாலங்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. தலைவர் இயன் ஆண்டர்சன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், புல்லாங்குழல் வித்தகர். தட்டின் பின்னட்டையில் ஆதியாகமத்தின் நடையிலேயே சில வாசகங்கள். ஆனால் படைத்தவனும் படைக்கப்பட்டதும் இடம் மாறியிருந்தனர். மனிதனே கடவுளை உண்டாக்கினான் என்பது அதன் சாரம். இரண்டாம் பக்கத்துப் பாடல்கள் திருச்சபையை நேருக்கு நேர் நின்று கேட்டன. கூண்டில் அடைத்துக் காட்டும் பொருளா கடவுள்? ஞாயிறுதோறும் சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மையா?

பார்த்தீர்களா, எங்கள் கட்சி என்றார் நாத்திகர். இல்லை, அவர் எதிர்த்தது கோயிலைத்தான், கடவுளையல்ல என்றார் ஆத்திகர். உள்ளதை உள்ளபடி சொன்னால், இந்தத் தட்டைப் பொறுத்தவரை இரண்டாமவர் சொன்னதே சரி. ஆண்டர்சன் அங்கே கடவுளைக் கொல்லவில்லை. தரகரைத்தான் வெளியேறச் சொன்னார். இதை ஒப்புக்கொள்வதால் பகுத்தறிவுக்குப் பங்கம் வந்துவிடாது. அதே வேளையில், "ஆகவே இது பக்திப் பாட்டு" என்று பூசை போடக் கிளம்புகிறவர்களையும் விடுவதற்கில்லை. தரகரைத் துரத்திவிட்டால் எஞ்சுவது எத்தனை கோயில்? எத்தனை காணிக்கைத் தட்டு? அதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

இந்த வழக்கு கிட்டாருக்கு மின்சாரம் வந்த பிறகு முளைத்ததன்று. 1905-இல் சிகாகோவில் தோன்றிய உலகத் தொழிலாளர் சங்கத்தின் பேச்சாளர்கள் தெருமுனையில் நின்று கூலி பற்றிப் பேசினால், இரட்சணிய சேனையின் வாத்தியங்கள் வந்து முழங்கும்; பேச்சு அமுங்கிப் போகும். என்ன செய்தான் ஸ்வீடனிலிருந்து பிழைக்க வந்த ஜோ ஹில் என்ற தொழிலாளி? அந்தத் தோத்திரத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டான். பசித்தவனுக்குச் செத்த பிறகு விருந்து உண்டு என்று உபதேசிக்கும் போதகரை, அந்த மெட்டிலேயே கேலி செய்து பாட்டுக் கட்டினான். 1911-இல் அது சங்கத்தின் சிறு பாட்டுப்புத்தகத்தில் அச்சாயிற்று. வாத்தியம் அவர்களுடையது, வார்த்தை தொழிலாளியுடையது! பிறகு அவன் மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று குரல்கள் எழுந்தன. ஜனாதிபதி வில்சனே தலையிட்டார். எல்லாம் வீண். 1915 நவம்பர் 19 அன்று யூட்டா மாநிலத்தில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள்.

அப்படியானால் தோத்திரப் பாட்டெல்லாம் எதிரியின் ஆயுதமா? அவசரப்படாதீர்கள். 1945-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிற்சாலையின் கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வாசலில் நின்று பாடியது மாதாகோயிலிலிருந்து கொண்டுவந்த பாட்டுத்தான். அதுவே டென்னசியின் ஹைலாண்டர் பள்ளி வழியாகப் பரவி, வெல்வோம் என்று உலகமே பாடும் பாட்டாயிற்று. அதைப் பரப்பியோரில் ஒருவரான பீட் சீகர் விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து சொற்களை எடுத்து மெட்டமைத்தார்; 'பேர்ட்ஸ்' குழு பாட, 1965 டிசம்பரில் அது அமெரிக்க வரிசையில் முதலிடம் பிடித்தது. அந்தச் சீகர் யார்? 1955-இல் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, பதில் சொல்ல மறுத்தவர்! வேதமொழியைப் பாடியவர் விசாரணைக் கூண்டிலே; வேதத்தின் பெயரால் ஆண்டவர்கள் விசாரணை நாற்காலியிலே. இங்கே யாரை ஆத்திகர் என்பீர்கள்?

பாப் டிலன் கதை வேறு. 1964-இல் கடவுளைத் துணைக்கழைத்துப் போர் நடத்துவோரைச் சாடிப் பாடியவர், 1979-இல் கிறிஸ்தவராகி, சான்பிரான்சிஸ்கோ அரங்கில் 14 இரவுகள் பழைய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் பக்திப் பாட்டே பாடினார். கேட்டவர்களில் சிலர் கூச்சலிட்டனர். அவர்களைப் பண்பற்றவர் என்று பலர் ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். மனிதன் மனம் மாறுவது அவனுரிமை. ஆனால் மேடையில் நின்று உலக முடிவைக் காட்டி மிரட்டும்போது, கேட்பவனுக்கும் வாய் உண்டு. ஜான் லெனான் பாட்டாலேயே பதிலடி கொடுத்தார்: உனக்கு நீயே ஊழியம் செய் என்று. அதுவல்லவா வழக்காடும் முறை!

ஆண்டர்சன் இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் காலத்தில் பேராலயங்களில் வாசிக்கிறார். வசூலைக் கட்டடப் பராமரிப்புக்கே தருகிறார். "ஆள் திரும்பிவிட்டார்" என்கிறது ஒரு தரப்பு; "காட்டிக்கொடுத்தார்" என்கிறது மறுதரப்பு. பழைய கற்கட்டடத்தின் கூரை ஒழுகாமலிருக்கக் குழலூதுவதைத் துரோகம் என்று நான் கருதவில்லை. எனக்கு வேறொரு வருத்தம்.

அந்தத் தட்டின் முதற்பக்கத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், நினைவிருக்கிறதா? தேம்ஸ் கரையில் வீடற்றுக் கிடந்தவர்களை ஆண்டர்சனின் அன்றைய துணைவியார் படமெடுத்து வந்தார். அந்தப் படங்களிலிருந்து பிறந்த கிழவர். அழுக்குடையவர், மூச்சு இரைக்கிறவர், யாரும் அருகில் உட்கார விரும்பாதவர். அந்தப் பாட்டிலும் இரட்சணிய சேனை வருகிறது, தேநீரோடு. ஜோ ஹில் பாடி 60 ஆண்டுகள் கழித்தும். தேநீர் தருவது குற்றமல்ல, குளிருக்கு நல்லதுதான். ஆனால் இரண்டாம் பக்கத்துக் கடவுளுக்காக 50 ஆண்டுகளாக வரிந்து கட்டிக்கொண்டு வழக்காடும் நண்பர்களில் எத்தனை பேர், முதற்பக்கத்தில் குளிரில் கிடக்கும் அவருக்காக ஒரு வாய் வார்த்தை பேசினார்கள்?